சின்ன டிரஸ்ட்டுக்கு ஏஐ: சேலம், ஏற்காடு பக்கம் வேலை பாக்கறவங்க எங்கேர்ந்து ஆரம்பிக்கறது

நம்ம சேலம் மாவட்டத்துல தொண்டு நிறுவனம்னா பெரும்பாலும் அஸ்தம்பட்டிலயோ ஆத்தூர்லயோ ஒரு வாடகை ரூம், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பீரோ, நாலஞ்சு பேரு, அவ்ளோதான். ஒருத்தர் கணக்கு பாப்பாரு, ஒருத்தர் செயலாளர், மிச்சம் ரெண்டு மூணு பேருதான் மலைமேல மாலை நேர ட்யூஷன் சென்டரையும் அம்மாபேட்டை தறிக்காரங்க மகளிர் குழுவையும் பாத்துக்கறவங்க. இந்த மலைக்குப் போற அக்காவோட நேரத்தைத் தின்றது பஸ்ஸும் இல்ல, 20 கொண்டை ஊசி வளைவும் இல்ல, கீழ வந்து எழுத வேண்டிய பேப்பர்தான். மாத ரிப்போர்ட், டோனருக்கு (காசு குடுக்கறவங்களுக்கு) ஒரு ரிப்போர்ட், அதையே இங்லீஷ்ல ஒன்னு, மீட்டிங் மினிட்ஸ், போட்டோவுக்குக் கீழ ரெண்டு வரி, இப்படியே போகும்.

ஏஐ, அதாவது சாட்ஜிபிடி மாதிரி கேட்டா எழுதிக் குடுக்கற செயலி, அதைப் பத்தி ஊர்ல எல்லாரும் பெரிய பெரிய விஷயமா பேசறாங்க, ஆனா சின்ன டிரஸ்ட்டுக்கு அதோட உண்மையான உபயோகம் இந்தப் பேப்பர் வேலையைக் குறைக்கறதுலதான் இருக்குன்னு நான் நம்பறேன். குறைஞ்ச நேரம் திரும்ப மலைக்கும் தெருவுக்கும் போகணும். அப்படிப் போகலைன்னா இதெல்லாம் கத்துக்கறதுல அர்த்தமே இல்ல. இதை மனசுல வெச்சுக்கிட்டு, இதுவரைக்கும் ஏஐயைத் தொட்டே பாக்காதவங்களுக்காக அடியிலேர்ந்து எழுதறேன், கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு இல்ல, வாட்ஸ்அப் பயன்படுத்தத் தெரிஞ்சா போதும்.

முதல்ல ஒரே ஒரு வேலையைப் புடிங்க

ஒரு வாரத்துக்கு ஆபீஸ்ல யார் யார் என்ன எழுதறாங்கன்னு ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டே வாங்க. எவ்ளோ நேரம் ஆச்சு, யாருக்காக எழுதுனது, அடுத்த மாசமும் இதே வேலை வருமா, இது மட்டும் போதும். வாரக் கடைசில பாத்தா எது திரும்பத் திரும்ப வருதுன்னு தெளிவாத் தெரியும். அநேகமா மாத ரிப்போர்ட்தான் முதல்ல நிக்கும்.

நிறைய பேரு நேரா ப்ரோபோசல்ல (நிதி கேட்டு எழுதற திட்ட அறிக்கை) போய் கை வெக்கறாங்க, ஏன்னா காசு அதுலதான வருதுன்னு. நான் வேண்டாம்னு சொல்லுவேன். மாத ரிப்போர்ட்ல இருக்கற விஷயம் முழுக்க உங்களுக்குத் தெரிஞ்சது, நீங்க நேர்ல பாத்தது, அதனால ஏஐ எங்கயாவது தப்பா எழுதுனா படிச்ச உடனே உங்களுக்கு உறுத்தும். ப்ரோபோசல் அப்படி இல்ல, அதுல மாவட்டப் புள்ளிவிவரம், சட்டம், ஆராய்ச்சின்னு உங்களுக்கே சரியாத் தெரியாதது நிறைய வரும், ஏஐ அடிச்சு விட்டாலும் கண்டுபுடிக்க முடியாது. அதனால தெரிஞ்ச விஷயத்துல பழகிட்டு, இது எப்படி எப்படித் தப்பு பண்ணும்னு கண்ணு பழகுனப்புறம் ப்ரோபோசலுக்குப் போங்க.

அக்கவுண்ட் ஓப்பன் பண்றதுக்கு முன்னாடி, எது உள்ள போகக்கூடாது

இதைத் தாண்டிப் போயிடாதீங்க, எனக்கு இந்தக் கட்டுரையிலேயே ரொம்ப முக்கியமானது இதுதான்.

ஏஐ செயலில நீங்க டைப் பண்றது, போட்டோ போடறது எல்லாம் அந்தக் கம்பெனியோட சர்வருக்குப் போகுது. அதனால குழந்தைங்க பேரு, போட்டோ, ஆதார் நம்பர், போன் நம்பர், பேங்க் அக்கவுண்ட், சாதிச் சான்றிதழ், மருத்துவ ரிப்போர்ட், வீட்டுல அடிதடின்னு ஒரு அக்கா வந்து அழுது சொன்ன விஷயம், இது எதுவும் உள்ள போகக்கூடாது. இதுல சட்டமும் இருக்கு. சிறார் நீதிச் சட்டம் 2015ல 74வது பிரிவு, போக்சோ சட்டம் 2012ல 23வது பிரிவு, ரெண்டும் அந்தச் சட்டங்களுக்குள்ள வர்ற குழந்தைங்களோட அடையாளம் வெளிய தெரியக்கூடாதுன்னு சொல்லுது. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கு விதிகளும் வந்தாச்சு, முக்கியமான கடமைகள் படிப்படியா ஒன்றரை வருஷத்துக்குள்ள அமலுக்கு வருது. அதுல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க தரவுன்னா பெத்தவங்க சம்மதம் வாங்கணும், வாங்குனதுக்கு ஆதாரமும் இருக்கணும். டிரஸ்ட்டுங்கறதுக்காக தனியா விலக்கு கிடைச்சிடும்னு நெனைக்காதீங்க.

பேரை மட்டும் எடுத்துட்டா போதும்னு நெனைக்கறாங்க, மலை கிராமத்துல அது பத்தாது. "வெள்ளக்கடை பக்கத்துல, அப்பா இல்லாத, ஒன்பதாவது படிக்கற பொண்ணு, அம்மா எஸ்டேட் வேலை" அப்படின்னு எழுதுனா, ஏற்காட்டுல இருக்கறவங்க யாரா இருந்தாலும் அது யாரு வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிடுவாங்க. அதனால ஊர் பேரையும் சேத்து எடுங்க, வகுப்பை "உயர்நிலை வகுப்பு"ன்னு பொதுவாப் போடுங்க, குழந்தை 1, குழந்தை 2ன்னு நம்பர் குடுங்க. எந்த நம்பர் யாருங்கறது ஒரு நோட்டுல எழுதி பீரோல பூட்டி வெச்சிடுங்க, அந்த நோட்டை போட்டோ எடுக்கவே கூடாது.

அடுத்து, டிரஸ்ட் பேர்ல ஒரு மெயில் ஐடி உண்டாக்கி அதுலதான் ஏஐ அக்கவுண்ட் எல்லாம் ஓப்பன் பண்ணணும். ஸ்டாஃப் அவங்கவங்க சொந்த ஐடில பண்ணுனா அவங்க வேலையை விட்டுப் போறப்ப நம்ம விஷயமும் அவங்ககூடயே போயிடும். அக்கவுண்ட் ஓப்பன் ஆனதும் செட்டிங்ஸ்க்குள்ள போங்க. சாட்ஜிபிடில டேட்டா கன்ட்ரோல்ஸ்னு ஒரு இடம் இருக்கும், அங்க நம்ம பேச்சை வெச்சு மாடலை (ஏஐயோட மூளையை) மேம்படுத்தலாமான்னு கேக்கற ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. ஜெமினில ஆக்டிவிட்டியை ஆஃப் பண்ற இடம் இருக்கு. மத்ததுலயும் இதே மாதிரி ஒன்னு இருக்கும், தேடிப் புடிங்க. ஆஃப் பண்ணிட்டோமேன்னு குழந்தைங்க விவரத்தைப் போட்டுடக்கூடாது, மேல சொன்ன விதி அப்பவும் அதேதான்.

இதெல்லாம் சேத்து ஒரே ஒரு ஏ4 பக்கத்துல, தமிழ்ல, ஸ்டாஃப்க்குப் புரியற மாதிரி எழுதி, அடுத்த டிரஸ்ட் மீட்டிங்ல படிச்சு மினிட்ஸ் நோட்டுல ஏத்திடுங்க. நாளைக்கு ஒரு டோனரோ அதிகாரியோ கேட்டா காட்டறதுக்கு இருக்கும்.

எந்த ஏஐ?

இதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட் எல்லாத்துலயும் காசு கட்டாமப் பயன்படுத்தற அளவு இருக்கு, எல்லாமே தமிழ் படிக்கும், எழுதும். ஒரே ரிப்போர்ட்டை ரெண்டுல போட்டுப் பாருங்க, உங்க அக்காவுக்கு எதோட தமிழ் புடிக்குதோ அதை எடுத்துக்கோங்க. ஒன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும், இந்த மாடல்கள் எழுத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் படிக்குது, தமிழ் இங்லீஷைவிட அதிகமான துண்டாப் பிரியும், அதனால இலவச அளவு தமிழ்ல சீக்கிரமே தீந்துடும். பெரிய ரிப்போர்ட்டை பகுதி பகுதியாக் குடுங்க.

நோட்புக்எல்எம்னு கூகுளோடது ஒன்னு இருக்கு, அதை மட்டும் தனியாச் சொல்றேன். நீங்க குடுக்கற பைலுக்குள்ள இருந்துதான் பதில் சொல்லப் பாக்கும், எந்த இடத்துலேர்ந்து எடுத்துச்சுன்னும் காட்டும். டோனர் அனுப்புன ஐம்பது பக்க கைடுலைன்ஸை அதுல போட்டு "வண்டிச் செலவுக்கு அனுமதி இருக்கா, எந்தப் பக்கத்துல சொல்லியிருக்கு"ன்னு கேட்டா வேலை சட்டுனு முடியும், அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களும் ஒரு தடவை படிச்சுடணும்.

வாட்ஸ்அப்ல மெட்டா ஏஐ கைக்கிட்டயே இருக்கும். சந்தேகம் கேக்க ஓகே, ஆனா குரூப்ல வந்த குழந்தைங்க போட்டோவையும் பெத்தவங்க மெசேஜையும் அதுக்கு ஃபார்வேர்டு பண்ற பழக்கம் வந்துடக்கூடாது. மொழிபெயர்ப்புக்கு மத்திய அரசோட பாஷினி இருக்கு, 2022லேர்ந்து. கூகுளும் கேன்வாவும் பதிவு பண்ணின தொண்டு நிறுவனங்களுக்குன்னே இலவசத் திட்டம் வெச்சிருக்காங்க, டிரஸ்ட் பதிவு பேப்பரை ரெடியா வெச்சுக்கிட்டு விண்ணப்பிங்க, கொஞ்ச நாள் ஆகும், ஆனா அலையறதுக்கு அர்த்தம் உண்டு.

பழைய பைல், பழைய ஃபான்ட்

இது பல பேரு மாட்டிக்கற இடம். நம்ம பழைய ரிப்போர்ட் எல்லாம் பாமினிலயோ வானவில்லயோ டைப் பண்ணது, டிடிபி சென்டர்ல குடுத்து அடிச்சது. அதைக் காப்பி பண்ணி ஏஐல ஒட்டுனா வெறும் இங்லீஷ் எழுத்தும் குறியுமா வரும், ஏஐக்கு ஒன்னும் புரியாது, ஆனா புரியலைன்னு சொல்லாம எதையாவது ஊகிச்சு எழுதிடவும் வாய்ப்பு இருக்கு. முதல்ல அதை யூனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறை) மாத்தணும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர்னு ஒரு இலவச மென்பொருள் இதுக்காகவே இருக்கு, ஆன்லைன்லயும் இந்த மாதிரி நிறைய இருக்கு. மாத்துனப்புறம் ஒற்று, கொம்பு எல்லாம் சரியா வந்துச்சான்னு ரெண்டு பக்கம் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் குடுங்க. இனிமே டைப் பண்றது எல்லாம் யூனிகோடுலதான்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிடுங்க.

கையால எழுதுன ரிஜிஸ்டரை போட்டோ புடிச்சுப் போட்டா படிக்குமான்னு கேப்பீங்க. அச்சடிச்ச தமிழை நல்லாப் படிக்குது, கையெழுத்து ஆளாளுக்கு மாறுறதால நம்ப முடியல, அதுவும் 1, 7 எல்லாம் குழப்பும். வருகைப் பதிவேட்டுல பேரும் இருக்கும்ங்கறதால அதைப் போடவே வேண்டாம், மொத்த எண்ணிக்கையை நீங்களே கூட்டிக் குடுத்துடுங்க.

பேசுங்க, அது எழுதட்டும்

இப்ப நிஜமான வேலைக்கு வருவோம். நம்ம ஃபீல்டு அக்காக்கள் பேசுனா அவ்ளோ அருமையா விஷயம் வரும், எந்த வீட்டுல என்ன பிரச்சனை, ஏன் இந்த வாரம் கூட்டம் குறைஞ்சுது எல்லாம் கையில இருக்கும், ஆனா பேனாவைக் குடுத்தா "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது"ன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. அதனால எழுதச் சொல்லாதீங்க, பேசச் சொல்லுங்க.

மலைல பல கிராமத்துல சிக்னல் நம்பி எதுவும் பண்ண முடியாது. போன்ல இருக்கற சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் நெட் இல்லாமலே ஓடும். சென்டர் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கறப்ப ரெண்டு மூணு நிமிஷம் பேசி வெச்சுக்கட்டும், ஏற்காடு டவுனுக்கோ கீழ சேலத்துக்கோ வந்ததும் அதைக் கேட்டுக்கிட்டே கூகுள் கீபோர்டுல தமிழ் மைக்கை அமுக்கி திரும்பச் சொன்னா எழுத்தா வந்துடும். சில ஏஐல ஆடியோ பைலையே நேரா ஏத்தலாம், ஆனா அதுல அக்கா குழந்தை பேரைச் சொல்லியிருப்பாங்க, அதனால திரும்பச் சொல்ற வழியே நல்லது, சொல்றப்ப பேரை விட்டுடலாம்.

என்ன பேசணும்னா எங்க போனோம், எத்தனை பேரு வந்தாங்க, என்ன நடந்துச்சு, வராதவங்க ஏன் வரல, அடுத்து என்ன வேணும். நம்பரை நிதானமாச் சொல்லணும். ஊர் பேரு மட்டும் எழுத்துல மாறி மாறி விழும், நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம்னு நீங்க போற ஊர் பேரெல்லாம் ஒரு லிஸ்ட்டா அடிச்சு வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் கூட ஒட்டிடுங்க, சரியா எடுத்துக்கும். ஒரு குழந்தையைப் பத்தித் தனியா எழுதறப்ப மட்டும், மேல சொன்ன மாதிரி ஊர் பேரு வேண்டாம்.

உதாரணத்துக்கு டிசம்பர்ல ஒரு அக்கா இப்படிப் பேசியிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க:

"இன்னிக்கு சென்டருக்கு பதினெட்டு பசங்க வந்தாங்க, போன வாரம் இருபத்தி நாலு. காப்பி எடுக்கற சீசனுங்களா, பெரிய பசங்க நாலு பேரு வரல, ரெண்டு சின்னப் பசங்களுக்குக் காய்ச்சல். கழித்தல் கணக்குல கடன் வாங்கறது இன்னும் பாதி பேருக்கு வரல. லைட் ஒன்னு ஃப்யூஸ் போயிடுச்சு, பக்கத்து வீட்டு அண்ணன் வந்து மாத்திக் குடுத்தாரு."

இதுகூட ஏஐக்கு இப்படி ஒரு கட்டளை குடுங்க, நீளமா இருக்கேன்னு யோசிக்காதீங்க, ஒரு தடவை எழுதி வெச்சுக்கிட்டா மாசாமாசம் அதையே ஒட்டிக்கலாம்:

"நாங்க சேலம் மாவட்டத்துல மலை கிராமங்கள்ல மாலை நேர வகுப்பு நடத்தற சின்ன டிரஸ்ட். கீழ எங்க களப் பணியாளர் பேசுனது இருக்கு. இதை டோனருக்கு அனுப்பற மாத அறிக்கைக்கான பத்தியா எளிமையான தமிழ்ல எழுது. அவங்க சொல்லாத எதையும் சேக்காதே. எண்களை மாத்தாதே. பாராட்டுச் சொற்கள் வேண்டாம். புரியாத இடத்துல ஊகிக்காம, கடைசில கேள்வியா எழுது. எழுதி முடிச்சதும் நீ பயன்படுத்துன எண்களைத் தனியா வரிசையாப் போடு."

கடைசி ரெண்டு வரிதான் ரொம்ப உதவும். எண்களைத் தனியாப் போடச் சொன்னா அக்கா சொன்னதோட ஒப்பிட ஒரு நிமிஷம்தான் ஆகும். கேள்வி கேக்கச் சொன்னா, "வராத நால்வரும் எந்த வகுப்பு? அடுத்த வாரம் அவர்கள் வந்தார்களா?" அப்படின்னு கேக்கும், அதைக் கேட்டப்புறம்தான் நமக்கே அது முக்கியம்னு தோணும்.

வர்றதைப் படிக்கறப்ப ரெண்டு இடத்துல கண்ணு வைங்க. ஒன்னு, எவ்ளோ சொன்னாலும் "மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர்"னு ஒரு வரியை எங்கயாவது செருகிடும். அக்கா அப்படிச் சொல்லவே இல்ல, அடிச்சுடுங்க. லைட் மாத்துன அண்ணன் கதையை வேண்டாதது மாதிரி விட்டுடும், அதைத் திரும்பச் சேருங்க, ஊர்க்காரங்க சென்டரைத் தங்களோடதா நெனைக்கறாங்கங்கறதுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இன்னொன்னு பெரிய விஷயம். "காப்பி எடுக்கற சீசன், பெரிய பசங்க வரல"ங்கறதை இங்லீஷ்ல மாத்தச் சொன்னா, குழந்தைத் தொழிலாளர்னோ படிப்பை நிறுத்திட்டாங்கன்னோ எழுதிட முடியும். அக்கா சொன்னது அது இல்ல. அவங்க தம்பி தங்கச்சியைப் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்திருக்கலாம், சொந்த மிளகுத் தோட்டத்துல அப்பாகூட நின்னிருக்கலாம், நிஜமாவே எஸ்டேட்ல கூலிக்கும் போயிருக்கலாம். எதுன்னு நேர்ல போய்த்தான் தெரிஞ்சுக்கணும். 14 வயசுக்குக் கீழ குழந்தைங்களை வேலைக்கு வெக்கறது 2016 திருத்தத்துக்கு அப்புறம் முழுசாத் தடை, பள்ளி நேரம் போக குடும்பத்துக்குச் சொந்தமான, ஆபத்தில்லாத வேலைல உதவறது மாதிரி ஒன்னு ரெண்டுக்குத்தான் விலக்கு. அப்படி ஏதாவது தப்பு நடந்தா குழந்தைங்க உதவி எண் 1098க்குப் போன் பண்றதுதான் முதல் வேலை, ரிப்போர்ட் அப்புறம். எந்த வார்த்தையைப் போடறதுன்னு முடிவு பண்றது மலைக்குப் போய்ட்டு வந்தவங்க கையிலதான் இருக்கணும், ஏஐ கையில விடவே கூடாது.

ப்ரோபோசல் எழுதறது

ரிப்போர்ட்ல கை பழகியாச்சுன்னா இதுக்கு வரலாம். சிஎஸ்ஆர் காசுக்கு (கம்பெனிங்க சமூகப் பொறுப்புன்னு செலவு பண்றது) எழுதறீங்கன்னா அடிப்படை தெரிஞ்சிருக்கணும். கம்பெனிகள் சட்டம் 2013ல 135வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒன்னைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். அதை வாங்கற டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 படிவத்துல பதிவு பண்ணியிருக்கணும், 2021 ஏப்ரல் 1லேர்ந்து இது கட்டாயம். நம்ம ஊர்ல ஜவ்வரிசி மில்லு, கொலுசுப் பட்டறை, செவ்வாய்பேட்டை மண்டி எல்லாம் பெரும்பாலும் இந்த அளவுக்கு வராது, ஆனா பள்ளிக்கூட நோட்டுக்கும் சோத்துக்கும் குடுக்கறவங்க அவங்கதான். அவங்களுக்கு முப்பது பக்க ப்ரோபோசல் வேண்டாம், ஒரு போனும், ஒரு பக்கத் தமிழ் லெட்டரும் போதும், அந்த லெட்டரையாவது தயவுசெஞ்சு நீங்களே எழுதுங்க.

பெரிய ப்ரோபோசலுக்கு ஏஐயை எழுத விடறதுக்கு முன்னாடி கேள்வி கேக்க விடுங்க. "இந்தக் கம்பெனியோட கைடுலைன்ஸ் இது, எங்க வேலை இது, ப்ரோபோசல் எழுத உனக்கு என்னென்ன தெரியணும், ஒவ்வொன்னாக் கேளு"ன்னு ஆரம்பிங்க. அது கேக்கறதுக்கு நீங்க தமிழ்லயே பேசிப் பதில் சொல்லுங்க. ஏன் அந்த ஊரு, மழைக்காலத்துல குப்பனூர் ரோட்டுல வர்றவங்களுக்கு என்ன கஷ்டம், போன வருஷம் என்ன பண்ணி எது நடக்கல, இதெல்லாம் உங்ககிட்டேர்ந்துதான் வரணும். இது இல்லாம "ஏற்காடு பழங்குடிக் குழந்தைகள் கல்விக்கு ஒரு ப்ரோபோசல் எழுது"ன்னு ஒரே வரில கேட்டா எந்த மாநிலத்துக்கும் பொருந்தற மாதிரி ஒன்னு வரும், கம்பெனில அதைப் படிக்கறவங்க அதே மாதிரி இன்னும் பத்தைப் பாத்திருப்பாங்க.

நம்ம மலைக்குன்னே ஒரு தப்பு இருக்கு, அதைக் கட்டாயம் பாக்கணும். சேர்வராயன் மலைல இருக்கற பழங்குடி மக்கள் மலையாளிங்க, தமிழ் பேசறவங்க, முன்னோர் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்ததாச் சொல்லிக்கறவங்க, அட்டவணைப் பழங்குடிப் பட்டியல்ல சேலம் மாவட்டத்துக்கு அந்தப் பேரு இருக்கு. இதை விளக்காமக் குடுத்தா ஏஐ அவங்களைக் கேரளாக்காரங்கன்னு எடுத்துக்கிட்டு, மலையாள மொழில பாடம் வேணும், ஓணம் கொண்டாடறாங்கன்னு எழுதிட வாய்ப்பு அதிகம். இங்லீஷ்ல எழுதுனா இன்னும் அதிகம். கட்டளைலயே ரெண்டு வரி தெளிவாப் போட்டுடுங்க.

புள்ளிவிவரம் எதைக் குடுத்தாலும் எங்கேர்ந்து எடுத்துச்சுன்னு கேளுங்க, அந்த லிங்க்கைத் திறந்து அந்த எண்ணை உங்க கண்ணால பாத்தாதான் ப்ரோபோசல்ல ஏறணும். 2011 மக்கள்தொகைக் கணக்கு, 2019-21ல எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு இதெல்லாம் நேராவே கிடைக்குது. லிங்க் திறக்கலைன்னா அந்த எண்ணு இல்லைன்னே வெச்சுக்கோங்க.

கணக்கு, 80ஜி, எஃப்சிஆர்ஏ

இங்க ஏஐகிட்ட முடிவு கேக்காதீங்க, வேலை மட்டும் வாங்குங்க. டோனர் லிஸ்ட் எக்செல்ல தாறுமாறா இருக்கும், ஒரே ஆளு ரெண்டு பேர்ல இருப்பாரு, தேதி ஒவ்வொன்னும் ஒரு மாதிரி. அந்த ஷீட்டை அப்படியே ஏஐல போட்டா பான் நம்பர் எல்லாம் வெளிய போயிடும். அதுக்குப் பதிலா "பி காலம்ல பேரு, சி காலம்ல பான், டி காலம்ல தொகை, ஒரே பான் ரெண்டு தடவை வந்தா காட்டற ஃபார்முலா குடு"ன்னு கேளுங்க. ஃபார்முலா வாங்கி நம்ம கம்ப்யூட்டர்ல நாமளே போட்டுக்கலாம், ஒரு பேரு கூட வெளிய போக வேண்டியதில்ல. 80ஜி (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை) இருக்கற டிரஸ்ட் நிதியாண்டு முடிஞ்சு மே 31க்குள்ள நன்கொடை விவரப் படிவம் (1961 சட்டத்துல 10பிடி) போட்டு டோனருக்குச் சான்றிதழ் (10பிஇ) குடுக்கணும்னு ஓடற அந்த மாசத்துல இது பெரிய உதவி.

சட்டக் கேள்விக்கு ஏஐ சொல்றது பழசா இருக்கலாம். 2026 ஏப்ரல் 1லேர்ந்து 1961 சட்டத்துக்குப் பதிலா வருமான வரிச் சட்டம் 2025தான், பிரிவு எண் எல்லாம் வேற, ஏஐ பழைய எண்ணையே சொல்லிக்கிட்டு இருக்கும். வெளிநாட்டு நன்கொடையும் அப்படித்தான். 2020 திருத்தத்துக்கு அப்புறம் எஃப்சிஆர்ஏ காசை இன்னொரு டிரஸ்ட்டுக்கு மாத்திக் குடுக்க முடியாது, நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50லேர்ந்து 20 சதவீதம் ஆயிடுச்சு, காசு முதல்ல டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குக்குத்தான் வரணும். பழைய விதியை நம்பி ஏஐ "குடுக்கலாம்"னு சொல்லி நீங்க குடுத்துட்டா லைசன்ஸே போயிடும். ஆடிட்டரைக் கேளுங்க. ஆடிட்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு லிஸ்ட் போட வேணா ஏஐயை வெச்சுக்கலாம்.

போட்டோவும் கதையும்

ஏஐல குழந்தை படம் உண்டாக்கி நம்ம வேலைன்னு போடவே கூடாது. லேபிள் போட்டாலும் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், இல்லாத குழந்தையோட சோகத்தைக் காட்டிக் காசு கேக்கறது நம்ம வேலை இல்ல. பசங்க வரைஞ்ச படம், முதுகுப் பக்கமா எடுத்த போட்டோ, சென்டர் சுவரு, இது போதும்.

ஒரு மகளிர் குழு அக்காவோட கதையை ஏஐ உதவியோட எழுதுனீங்கன்னா, அனுப்பறதுக்கு முன்னாடி அதைத் தமிழ்ல அவங்களுக்கே முழுசாப் படிச்சுக் காட்டுங்க. "நான் கஷ்டப்பட்டேன்னு ஏங்க இத்தனை தடவை போட்டிருக்கீங்க, நான் தறி போட்டுக் கடன் அடைச்சதைச் சொல்லுங்க"ன்னு சொன்னா மாத்துங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, கையெழுத்து ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் சரி.

ஸ்டாஃப்கிட்ட எப்படிச் சொல்றது

செயலாளர் மட்டும் கத்துக்கிட்டு மத்தவங்களுக்கு உத்தரவு போட்டா இது நடக்காது. "எங்க வேலை போயிடுமா சார்"னு வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, ஆனா மனசுல இருக்கும். முதல் மீட்டிங்லயே, யாரையும் குறைக்கறதுக்கு இல்ல, எழுதற நேரத்தைக் குறைச்சு கிராமத்துக்கு இன்னொரு நாள் சேத்துப் போறதுக்குத்தான்னு தெளிவாச் சொல்லி அதையும் மினிட்ஸ்ல எழுதுங்க. கத்துக் குடுக்கறதுக்கு ஆள் வேணும்னா உள்ளூர் காலேஜ் என்எஸ்எஸ் பசங்களைக் கேட்டுப் பாருங்க, ஒரு சனிக்கிழமை வந்து பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க, ஆனா டிரஸ்ட் டேட்டா இருக்கற கம்ப்யூட்டரை அவங்க கையில குடுக்காம நம்ம ஆளு கையாலயே பண்ண வைங்க.

மூணு மாசம் கழிச்சு அந்த முதல் வார நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு திரும்ப ஒரு வாரம் குறிங்க. எழுதற நேரம் குறைஞ்சிருக்கா, மலைக்குப் போன நாள் கூடியிருக்கான்னு பாருங்க. நேரம் குறைஞ்சும் மலைக்குப் போறது கூடலைன்னா வேற யாரோ புதுசா ரிப்போர்ட் கேக்க ஆரம்பிச்சிருப்பாங்க, அதை நிறுத்தணும். ரெண்டுமே மாறலைன்னா அந்த வேலைக்கு ஏஐ வேண்டாம், பழையபடி கையாலயே எழுதலாம், அடுத்து வேற வேலைல பாத்துக்கலாம். ரெண்டும் நல்லா நடந்து, இலவச அளவு மாசக் கடைசில பத்தாமப் போகுதுன்னா மட்டும் ஒரே ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரு மாசத்துக்குக் காசு கட்டிப் பாருங்க, வருஷக் கணக்குல மொத்தமாக் கட்டாதீங்க, அந்தச் செலவை எந்த பட்ஜெட் தலைப்புல எழுதறதுன்னு கட்டறதுக்கு முன்னாடியே கணக்கு பாக்கறவர்கிட்ட பேசிடுங்க.